கைடு வாங்கும் காசில்

கேள்வி: கொருக்குப்பேட்டையில் மாலை நேர டியூஷன் நடத்துகிறோம். அரசுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு படிக்கும் 40 பிள்ளைகள் வருகிறார்கள். நன்கொடை திரட்டி எல்லாருக்கும் கைடு வாங்கித் தர எண்ணம். பணம் போதாவிட்டால் ஒன்று வாங்கி ஜெராக்ஸ் போடலாமா? பாடநூல் இலவசம், பி.டி.எஃப்பும் கிடைக்கிறது. பிறகு ‘திறந்த கல்வி’ என்று எதற்காகத் தனியாகப் பேசுகிறார்கள்?
- ஒரு வாசகி

பதில்: கைடு வேண்டாம். ஜெராக்ஸ் போட்ட கைடு வேண்டவே வேண்டாம்.

கைடில் பெரும்பாலும் இருப்பது புக் பேக் கேள்விகளும், மனப்பாடம் செய்யத் தோதாக எழுதிய விடைகளும்தான். உங்கள் பிள்ளைகள் எந்த வரியில் இடறுகிறார்கள் என்பது கைடு போட்டவருக்குத் தெரியாது. தினமும் எதிரே உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத் தெரியும். சட்டத்தைக் கேட்டால், 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பாடம் நடத்தும்போது ஆசிரியரும் மாணவரும் நகலெடுக்க இடம் தருகிறது. டெல்லி பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதைத் தாராளமாகவே விளக்கியது. ஆனால் அந்த வழக்கு, பல நூல்களிலிருந்து பகுதிகளை எடுத்துக் கோத்த தொகுப்புகளைப் பற்றியது. ஒரு கைடை முழுதாக 40 பிரதி எடுப்பதற்கு அதைத் துணைக்கு அழைக்காதீர்கள்.

அடுத்து, இலவசம் என்கிறீர்களே. அரசு தரும் புத்தகத்தைப் படிக்கலாம், பி.டி.எஃப்பை இறக்கிக்கொள்ளலாம். அதிலுள்ள ஒளியியல் பாடத்தை எளிய தமிழில் மாற்றி, நான்கு கணக்குகளைக் கூட்டி, பக்கத்துப் பேட்டை டியூஷனுக்கும் அச்சிட்டுக் கொடுக்கலாமா? அந்த அனுமதி இலவசத்தில் தானாக வந்துவிடாது, உரிமை வைத்திருப்பவர் எழுதித் தர வேண்டும். அப்படி எழுதித் தருவதற்குத்தான் திறந்த உரிமம் என்று பெயர். தமிழர்களுக்கு இது புதிதல்ல. பாரதியின் எழுத்துகளை 1949இல் அரசு வாங்கிப் பிறகு பொதுவில் விட்டது. இன்று யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அதனால்தான் மலிவாகவும் கிடைக்கிறார். பாடப் புத்தகத்துக்கும் அதையே கேட்கிறோம், அவ்வளவுதான்.

அரசு செய்யும்வரை காத்திருக்காமல் நீங்களே சிறு பயிற்சி நூல்கள் எழுதித் தொடங்கலாம். கணிதத்திலிருந்து தொடங்குங்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் தலா 8 மதிப்பெண். மெல்லக் கற்கும் பிள்ளையும் கை பழகினால் எடுத்துவிடக்கூடிய 16 மதிப்பெண்.

ஒரு பாடத்துக்கு 16 பக்கம், ஏ5 அளவு. ஏ4 தாளில் பக்கத்துக்கு இரண்டு, முன்னும் பின்னுமாக அச்சிட்டால் 4 தாள். 40 பிள்ளைகளுக்கு 160 தாள். ஒரு ரீம் காகிதத்தில், அதாவது 500 தாளில், மூன்று பாடம் முடிந்து, மாதிரி பார்க்கவும் மெஷினில் சிக்கவும் 20 தாள் மிஞ்சும். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் வாங்கும்போது காகிதத்தின் கனம் 70 ஜிஎஸ்எம்மாகக் கேளுங்கள். அதற்கும் மெல்லியதில் மறுபக்க எழுத்து தெரியும், பேனாவால் எழுதினால் ஊறும்.

சறுக்குவது பெரும்பாலும் அச்சில். நான்கு தாளையும் அடுக்கி நடுவில் மடிப்பதால், வெளித்தாளின் ஒரு பக்கம் 16உம் 1உம், மறுபக்கம் 2உம் 15உம் வர வேண்டும். குட்டை ஓரமாகத் திருப்பச் சொல்ல மறந்தால் பின்பக்கம் தலைகீழாக வந்து நிற்கும். ஏ4இல் தட்டச்சு செய்துவிட்டு ஏ5ஆகச் சுருக்காதீர்கள். 12 புள்ளி எழுத்து எட்டரைக்கு இறங்கிவிடும், குழல்விளக்கு வெளிச்சத்தில் பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிக்க வேண்டும். ஆரம்பத்திலேயே பக்கத்தை ஏ5 என்று வைத்துவிடுங்கள். சிவப்புக் கோடு, பச்சைக் கோடு என்று படம் போட்டால் கறுப்பு அச்சில் இரண்டும் ஒரே சாம்பல். ஒன்றை முழுக்கோடாகவும் மற்றதைப் புள்ளிக்கோடாகவும் வரையுங்கள். பாடநூல் படத்தை வெட்டி ஒட்டாமல் கையால் வரைந்து ஸ்கேன் செய்யுங்கள், 300 டிபிஐ போதும்.

தட்டச்சு யுனிகோடில் இருக்கட்டும். பழைய எழுத்துருவில் அடித்தால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும், தேடவும் முடியாது, பார்வையற்ற மாணவருக்குத் திரைவாசிப்பானாலும் படித்துக் காட்ட முடியாது. நோட்டோ தமிழ் எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. பகிரும்போது பி.டி.எஃப்போடு லிப்ரே ஆபீஸ் மூலக் கோப்பையும் கொடுங்கள். மூலக் கோப்பு இல்லாவிட்டால் பிழை திருத்த நினைக்கும் இன்னொரு ஆசிரியர் முதலிலிருந்து அடிக்க வேண்டும்.

இரண்டாம் பக்கத்தில் உரிமத்தை எழுதுங்கள்: கிரியேட்டிவ் காமன்ஸ், பெயர் குறிப்பிடுக, அதே உரிமத்தில் பகிர்க, பதிப்பு 4.0. ‘மாற்றக் கூடாது’ என்ற வகையை எடுக்காதீர்கள். எடுத்தால், எளிமையாக்கியதையோ உருது, தெலுங்கு வழிப் பிள்ளைகளுக்காக மொழிபெயர்த்ததையோ யாரும் பகிர முடியாது. பிறர் படத்தைச் சேர்த்தால் அதன் கீழே வரைந்தவர் பெயரும் உரிமமும் வர வேண்டும்.

வரைபடத் தாளை மட்டும் தனி ஏ4இல் எடுத்து நடுவில் செருகுங்கள். மேலே சொன்ன ரீம் கணக்கில் அது சேராது. அச்சிடும்போது ‘தாளுக்குப் பொருத்து’ என்பதை எடுத்துவிட்டு 100 சதவீதம் என்று வையுங்கள். முதல் தாள் வந்ததும் ஸ்கேலை வைத்து ஒரு செ.மீ. கட்டங்களில் 10ஐ அளந்து பாருங்கள். 9.6 செ.மீ. காட்டினால் மீதி 39ஐ அடிக்காமல் நிறுத்துங்கள்.