பிஸ்மத் செலினைடு உலோகம் மாதிரி நடந்துக்குதா?

சாம்பிள் கெட்டுப்போகலைங்க. 4 கெல்வின் வரைக்கும் குளிர்விச்சாலும் ரெசிஸ்டன்ஸ் இறங்கிட்டே போகுது, இது டோபாலஜிக்கல் இன்சுலேட்டராச்சே, மேற்பரப்புல மட்டும் கரன்ட் ஓடி உள்ளே இன்சுலேட்டரா இருக்கணுமேன்னு கேட்டீங்க, பிஸ்மத் செலினைடுல பெரும்பாலும் அப்படித்தான் வரும்.

க்ரிஸ்டல் வளர்க்கறப்போ செலினியம் ஆவியாகி காலி இடம் விட்டுட்டுப் போயிடும், ஒவ்வொரு காலி இடமும் எலக்ட்ரானைக் கொடுக்கும், அதனால எலக்ட்ரான் இருக்க முடியாத 0.3 எலக்ட்ரான் வோல்ட் எனர்ஜி இடைவெளி (கேப்) இருந்தும், ஃபெர்மி லெவல் (எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கற எனர்ஜி மட்டம்) மேலே கண்டக்‌ஷன் பேண்டுக்குள்ள (எலக்ட்ரான் தாராளமா ஓடற எனர்ஜி பகுதி) போய் உட்கார்ந்துடும், அதான் உலோகம் மாதிரி தெரியுது.

முதல்ல ஹால் மெஷர்மென்ட் எடுங்க, காந்தப்புலத்துல குறுக்கே வர்ற வோல்டேஜை வெச்சு கரன்ட்டைச் சுமக்கற கேரியர் எந்த வகை, எவ்வளவுன்னு தெரியும். சைன் எலக்ட்ரானைக் காட்டி, கேரியர் ஒரு கன செ.மீ.க்கு 10¹⁸, 10¹⁹னு வந்தா கரன்ட் பெரும்பாலும் பல்க்ல, அதாவது உள்பகுதியில தான் ஓடுது. அடுத்த தடவை செலினியம் கொஞ்சம் கூடுதலா போடுங்க, இல்ல லேசா கால்சியம் கலந்து டோப் பண்ணுங்க, கூடுதல் எலக்ட்ரானை அது ஈடுகட்டும். என்னைக் கேட்டா பிஸ்மத் டெல்லுரியம் செலினைடுக்கே மாறிடலாம், பல்க் ரெசிஸ்டன்ஸ் நல்லா ஏறும்.

க்ரிஸ்டலை டேப் வெச்சு உரிச்சதும் பளபளன்னு கண்ணாடி மாதிரி இருக்குமே, அப்பவே அளக்கறதுக்கான ஒயர் இணைப்பு (கான்டாக்ட்) போட்டுடுங்க, நம்ம சென்னை ஈரக்காத்துல வெச்சிருந்தா மேற்பரப்புல இன்னும் எலக்ட்ரான் ஏறும்.

ஒண்ணு மட்டும், மேக்னட்டோ ரெசிஸ்டன்ஸ்ல (காந்தப்புலத்தை மாத்தறப்போ ரெசிஸ்டன்ஸ் மாறற அளவு) பூஜ்யம் புலத்துக்கிட்ட கூர்மையா பள்ளம் தெரிஞ்சாலும் உடனே சர்ஃபேஸ் ஸ்டேட்னு, அதாவது மேற்பரப்புல ஓடற எலக்ட்ரான்களால வந்ததுன்னு எழுதிடாதீங்க, ஸ்பின் ஆர்பிட் (எலக்ட்ரானோட ஸ்பினுக்கும் ஓட்டத்துக்கும் இருக்கற பிணைப்பு) பலமா இருக்கற பல்க்கும் அதையே காட்டும்.