தினமும் பேக்கப் எடுக்கிறோம். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கினால் அது போதுமா?

போதாது. பேக்கப் சர்வரும் மற்ற கணினிகளின் அதே டொமைனில் (ஒரே லாகின் கட்டுப்பாட்டில் உள்ள கணினிகளின் தொகுப்பு), அதே அட்மின் பாஸ்வேர்டில் இருந்தால், உள்ளே நுழைந்தவர்கள் முதலில் அழிக்கப் பார்ப்பது அதைத்தான். ஒரு பிரதியாவது நெட்வொர்க்கோடு தொடர்பில்லாமலோ, குறிப்பிட்ட காலம்வரை அட்மினாலும் அழிக்க முடியாதபடியோ இருக்க வேண்டும்.

2017-இல் நாட்பெட்யா என்ற, கணினிகளை முடக்கும் நிரல் தாக்கியபோது மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் சுமார் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது. ஒன்றுக்கொன்று பிரதியாக இருந்த அதன் டொமைன் கன்ட்ரோலர்கள் (லாகினைச் சரிபார்க்கும் சர்வர்கள்) ஒட்டுமொத்தமாகப் போயின. மின்தடையால் இணைப்பறுந்திருந்த கானா அலுவலகத்தின் ஒன்று மட்டும் தப்பியது. அது திட்டமல்ல, வெறும் அதிர்ஷ்டம்.

அடுத்தது நேரம். 10 டெராபைட்டை 1 ஜிகாபிட் இணைப்பில் மீட்க, முழு வேகம் கிடைத்தாலே 22 மணி நேரம் ஆகும். நடைமுறையில் இன்னும் கூடும். எத்தனை மணி நேரம் பில் போடாமல் தாங்கலாம், எவ்வளவு நேரத் தரவை இழக்கலாம் என்பதை நிர்வாகம்தான் முடிவு செய்ய வேண்டும். ஐடி துறையின் தலையில் கட்டக் கூடாது. பேக்கப்புக்கான பட்ஜெட் நிர்வாகத்தின் அந்த முடிவைப் பொறுத்துத்தான் அமையும்.

மீட்கும்போது முதலில் லாகின் சர்வர், பிறகு டேட்டாபேஸ், அப்புறம்தான் அப்ளிகேஷன். பேக்கப் அறிக்கையில் 'வெற்றி' என்றிருந்தால் கோப்பு எழுதப்பட்டது என்று மட்டுமே அர்த்தம். டேட்டாபேஸ் திறக்குமா என்பது அதில் தெரியாது. மூன்று மாதத்துக்கொரு முறை காலியான சர்வரில் முழுதாக மீட்டு, முந்தைய நாளின் கடைசி பில் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.