கம்பனி வாங்குகிறதா, அண்ணன் வாங்குகிறாரா?

நுவரெலியாவுக்குப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். கரட், லீக்ஸ், கோவா வாங்கிக் கொழும்பு ஹோட்டல்களுக்கு அனுப்பும் கம்பனி ஒன்றை 2012இல் அவருடைய பெரியப்பா மகன் தொடங்கினார். இவரும் தன் சேமிப்பைப் போட்டார். மொத்தம் 100,000 பங்கு. அண்ணனுக்கு 45,000, இவருக்கு 20,000, மிச்சம் 35,000 மூன்று உறவினர்களிடம். இத்தனை வருடத்தில் பங்கிலாபம் என்று ஒரு சதம் வரவில்லை. இப்போது இவருடைய பங்குகளைப் பங்கொன்று 180 ரூபா வீதம், 36 இலட்சத்துக்கு, கம்பனியே மீள வாங்கிக்கொள்ளும் என்று கடிதம் வந்திருக்கிறது. பணம் 12 மாதத் தவணையில். இவர் எதிர்பார்ப்பது பங்குக்கு 300 ரூபா. "60 இலட்சம் கேட்டு வழக்குப் போடலாமா?" என்பது கேள்வி.

டீச்சர், உங்கள் கடிதம் ஆறு பக்கம். தாலி விற்ற காசையும் சேர்த்துப் போட்டது, கல்யாண வீட்டில் அண்ணி பேசிய பேச்சு, கணக்குப் புத்தகம் கேட்டதற்கு அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டது எல்லாம் வாசித்தேன். வருத்தம் நியாயமானதுதான். ஆனால் எந்த நீதிபதியும் அதற்கு விலை போட மாட்டார். 180ஆ 300ஆ என்பதும் இப்போதைக்கு இரண்டாம் பட்சம். உங்களைக் காப்பாற்றவோ கவிழ்க்கவோ போவது நான்காம் பக்கத்தில் கோபத்தோடு நீங்கள் எழுதிய ஒரு வரி: "கரட் கொடுத்த தோட்டக்காரர்களுக்கே நான்கு மாதமாகக் காசு இல்லை, ஃப்ரீசர் லொறிக்கு லீசிங் கட்டவில்லை, இதில் எனக்கு 36 இலட்சம் தருவாராம்!"

கம்பனி தன் பங்கைத் தானே வாங்கும்போது வெளியே போவது கடன்காரர்களுக்குப் பொறுப்பான பணம். அதனால்தான் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் இதற்குக் கதவைத் திறந்துவிட்டு, வாசலில் ஒரு காவலையும் போட்டிருக்கிறது. பணம் கொடுத்த பிறகும் கம்பனியால் கடன்களை அந்தந்தத் தவணைக்குக் கட்ட முடிய வேண்டும். சொத்தின் பெறுமதி, கடன்களும் கூறப்பட்ட மூலதனமும் (பங்குக்காகக் கம்பனிக்குள் வந்த பணம்) சேர்ந்த தொகையைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இதைத்தான் சொல்வன்சி டெஸ்ட் என்கிறோம். தோட்டக்காரனுக்கு நான்கு மாதக் கடன் வைத்திருக்கும் கம்பனி முதல் படியிலேயே தடுக்கிவிடுகிறது.

அந்தச் சோதனையில் தேறாத கம்பனி கொடுத்த பணத்தை, வாங்கிய பங்குதாரரிடமிருந்து திருப்பிக் கேட்கலாம். நல்லெண்ணத்தோடு, நிலைமை தெரியாமல் வாங்கினேன் என்று காட்ட முடிந்தவருக்குத்தான் தப்பிக்க வழி. உங்களுக்கு நிலைமை தெரியும். எனக்கு எழுதியதுபோல அண்ணனுக்கும் வட்ஸ்அப்பில் எழுதியிருப்பீர்கள். அந்தச் செய்திகள் நாளைக்கு, கம்பனியை மூடிக் கடன் தீர்க்க வரும் கலைப்பாளர் கையில் இருக்கும்.

பண்டாரவளைப் பக்கத்தில் எனக்கு ஒரு கட்சிக்காரர் இருந்தார். சகலையின் கம்பனியிலிருந்து இதே மாதிரித் தவணையில் வெளியே வந்தார். முதல் நாளே பங்குச் சான்றிதழைக் கொடுத்து, கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்தும் வைத்துவிட்டார். ஐந்து செக் மாறியது, ஆறாவது திரும்பியது. மீள வாங்கிய பங்கு அப்போதே இரத்தாகிவிடும், ஆகவே பங்குதாரர் என்று கூட்டத்துக்குப் போய்க் கேள்வி கேட்கும் உரிமையும் போயிற்று. வழக்குப் போடலாம், ஆனால் யார்மீது? காசில்லாத கம்பனிமீது. பிறகு கம்பனி கலைப்புக்குப் போனது. வாங்கிய ஐந்து செக்கின் பணத்தையும் திருப்பிக் கட்டச் சொல்லி அவருக்கே கடிதம் வந்தது. அந்தப் பணத்தில் அவர் மகளின் வீட்டுக்கு ஸ்லாப் போட்டு முடித்திருந்தார். கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

நீங்கள் ஓரமாகச் சொல்லிவிட்டுப் போன இன்னொரு விஷயம், "பெயருக்கு நானும் ஒரு பணிப்பாளர்" என்பது. சட்டத்தில் பெயருக்குப் பணிப்பாளர் என்று ஒருவர் கிடையாது. மீள்வாங்கலுக்கு ஆதரவாக வாக்களிக்கும் பணிப்பாளர்கள், கம்பனி சோதனையில் தேறும் என்று சான்றிதழில் கையெழுத்திட வேண்டும். நியாயமான ஆதாரம் இல்லாமல் கையெழுத்திட்டவரின் சொந்தச் சொத்துக்கும் ஆபத்து. "சும்மா ஒரு ஃபோர்ம்" என்று அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவந்தால் தேநீர் கொடுத்து அனுப்புங்கள், பேனாவை எடுக்காதீர்கள்.

லொறி லீசிங்குக்குப் பிணைக் கையெழுத்து வைத்தீர்களா? நீங்கள் சொல்லவில்லை. நம் குடும்பங்களில் அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவரிடம்தான் முதலில் வருவார்கள், அதனால் கேட்கிறேன். பங்கை விற்பதால் பிணை விலகாது. கம்பனியை விட்டு வந்து மூன்று வருடத்துக்குப் பிறகு லீசிங்காரன் பள்ளிக்கூடத்துக்கே வந்து நின்ற கதையும் நான் பார்த்ததுதான்.

இனி அண்ணனின் கணக்கு. உங்கள் 20,000 இரத்தானால் மிஞ்சுவது 80,000 பங்கு. அவருடைய 45,000 இன்றைக்கு 45 வீதம், அன்றைக்கு 56.25 வீதம். தன் சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாகூட எடுக்காமல் கம்பனியின் பாதிக்கு மேல் அவர் கைக்கு வந்துவிடும். மற்ற மூவரின் வீதமும் காகிதத்தில் கூடும், அதோடு 36 இலட்சம் குறைந்த ஒரு கம்பனியும் அவர்கள் தலையில் விழும். அவர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். அவர்களில் 10,000 பங்கு உள்ள உங்கள் தங்கை உங்களோடு நின்றால் இருவருக்கும் 30 வீதம். பெரிய முடிவுகளுக்கான விசேட தீர்மானத்துக்கு 75 வீத வாக்கு வேண்டும் என்பதால் அண்ணனால் உங்களைத் தாண்டி அப்படி ஒரு தீர்மானத்தையும் நிறைவேற்ற முடியாது. உங்கள் பேரம்பேசும் பலம் இங்கேதான் இருக்கிறது.

வழக்கா? கம்பனிகள் சட்டத்தின் 224ஆம் பிரிவின் கீழ், பங்குதாரரை நசுக்கும் ஒடுக்குமுறை என்று போக உங்கள் 20 வீதம் போதும். ஆனால் பங்கிலாபம் தராததும் முகத்தைத் திருப்பியதும் மட்டும் ஒடுக்குமுறை ஆகிவிடாது. வழக்கு கொழும்பில். ஒவ்வொரு தவணைக்கும் விடியுமுன் பஸ் ஏறி, லீவு போட்டு, பெறுமதி மதிப்பீட்டாளருக்கும் சட்டத்தரணிக்கும் கட்டி, வருடங்கள் போன பிறகு வெல்வது கடனில் மூழ்கிய கம்பனியின் ஐந்தில் ஒரு பங்கை. வேண்டாம்.

சமாதானமாகப் போங்கள். ஆனால் கம்பனியோடு அல்ல, அண்ணனோடு. உங்கள் பங்கை அவரே தன் சொந்தப் பணத்தில் தன் பெயருக்கு வாங்கட்டும். அப்போது கம்பனியின் பணம் வெளியே போவதில்லை, சொல்வன்சிக் கேள்வியும் உங்களிடம் வராது. கம்பனியின் உள் விதிகளான அகவிதிகளில் மற்றப் பங்குதாரருக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்று இருந்தால் அவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். 36 இலட்சத்துக்கு அவர் சம்மதிக்க மாட்டார், 25க்கு இறங்கலாம். இறங்குங்கள். கைக்கு வந்து கையிலேயே நிற்கும் 25, வாங்கித் திருப்பிக் கொடுக்கும் 36ஐவிடப் பெரிது. தவணை வேண்டாம், முழுத்தொகைக்கும் ஒரே பே ஓடர். அது எந்தக் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டது என்று வங்கியில் பாருங்கள், கம்பனிக் கணக்கு என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பணிப்பாளர் பதவியிலிருந்து விலகும் கடிதத்தையும் அதே மேசையில் கொடுத்து, கம்பனிகள் பதிவாளரிடம் அது பதிவாகிய பிரதி வரும்வரை செயலாளரை விடாதீர்கள். பிணை வைத்திருந்தால், உங்களை விடுவித்ததாக லீசிங் கம்பனி தரும் கடிதம் வந்த பிறகுதான் சான்றிதழ் கைமாற வேண்டும். மூலதன ஆதாய வரி பற்றிக் கணக்காளரிடம் முதலிலேயே கேட்டு வையுங்கள்.

அண்ணனுக்கு வட்ஸ்அப்பில் எழுதுவதை இன்றோடு நிறுத்துங்கள்.