லேசரில் வெட்டிய பலகைகளால் தொங்கு சிற்பம் செய்ய எங்கிருந்து தொடங்குவது?

பிளைவுட் பலகைகளை லேசரில் வெட்டிக் கோத்து, கூரையிலிருந்து தொங்கும் சிற்பமாக அமைக்க விரும்புவதாகவும், எதில் தொடங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூரையில் தொடங்குங்கள் என்பேன். என் முதல் சிற்பத்தின்போது வடிவத்தை மட்டும் வாரக்கணக்கில் திரையில் இழைத்துவிட்டு, அதைத் தாங்கும் எஃகு வடங்களைக் கடைசி நாளில் நான்கு கோடுகளாக வரைந்து முடித்தேன். அந்த நான்கு கோடுகள் பிறகு என்னை ஒரு பகல் முழுவதும் ஏணியில் நிறுத்திவைத்தன.

வளையாத பொருளை நான்கு வடங்களில் தொங்கவிட்டால் எடை நான்காகப் பிரியும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் மேடுபள்ளமான தரையில் நான்கு கால் மேசை ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ஆடுவதைப் போல, ஒரு வடம் சில மில்லிமீட்டர் நீண்டாலே அது தொய்ந்துவிட, எடை ஏறக்குறைய முழுவதும் எதிரெதிர் மூலையிலுள்ள இரண்டு வடங்களுக்குப் போய்விடுகிறது. விரலால் சுண்டிப் பார்த்தேன்; இரண்டு வடங்கள் தந்தி போல ரீங்கரித்தன, மற்ற இரண்டும் வாய் திறக்கவில்லை. மூன்று வடங்களில் தொங்கவிட்டால், அவை செங்குத்தாக இருந்து ஈர்ப்பு மையமும் அவற்றுக்கு நடுவே விழும்வரை, மூன்றும் இறுகியே நிற்கும். நான்குதான் வேண்டுமென்றால், ஒவ்வொன்றும் தனியாகவே பாதி எடையைத் தாங்கும் என்று கணக்கிட்டு, அதற்கு மேல் பாதுகாப்புக்குப் பல மடங்கு கூட்டிக்கொள்ளுங்கள். நீளத்தைத் திருகிச் சரிசெய்யும் டர்ன்பக்கிளையும் தவறாமல் பொருத்துங்கள்.

வடங்களைச் சாய்த்துக் கட்டினால் பார்க்க அழகுதான், ஆனால் சாய்வுக்கும் ஒரு விலை உண்டு. 60 கிலோ எடையை, கிடைமட்டத்திலிருந்து 30 பாகை மட்டுமே உயர்ந்த இரண்டு வடங்கள் இருபுறமும் தாங்கினால், ஒவ்வொன்றின் இழுவிசையும் 30 அன்று, 60 கிலோ. கூரைக் கொக்கியையும் அது பக்கவாட்டில் இழுக்கும்.

வெட்டுவதைப் பொறுத்தவரை, 4 மி.மீ. என்று விற்கப்படும் பலகை 3.7 ஆகவும் இருக்கலாம். லேசர்க் கதிரும் தன் பங்குக்குச் சிறிது மரத்தை எரித்துவிடும். ஆகவே அதே பலகையின் ஓரத்தில் 3.4 முதல் 4.0 வரை, 0.1 மி.மீ. இடைவெளியில் சீப்பு போலக் காடிகளை, அதாவது இன்னொரு பலகை செருகிக்கொள்ளும் பிளவுகளை வெட்டி, கட்டைவிரல் அழுத்தத்தில் பலகை இறுகி நுழையும் அளவை எடுத்துக்கொண்டு, அதன் பிறகே முழு வரைபடத்தையும் இயந்திரத்துக்கு அனுப்புங்கள். துண்டு எண்களை மறையும் பக்கத்தில் பொறிக்க மறவாதீர்கள்.