கைதானவருக்கு இலவச வக்கீல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

தம்பி ரிமாண்டில் இருக்கிறான். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4 லட்சம். இலவச வக்கீல் கிடைப்பாரா?

கிடைப்பார். தமிழ்நாட்டில் வருமான வரம்பு 3 லட்சம் என்பதைக் கேட்டுவிட்டுப் பலர் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆவது பிரிவில், காவலில் இருப்பவர் தனி வகை. அவருக்கு வருமானக் கணக்கே கிடையாது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படித்தான்.

நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். காவல் நிலையத்தின் பெயர், குற்ற எண் (எப்.ஐ.ஆர். எண்), எந்தக் கோர்ட், அடுத்த வாய்தா தேதி, எந்தச் சிறை என்பவை அதில் இருக்கட்டும். குற்ற எண் இல்லாத மனுதான் அதிகம் அலைக்கழியும். சிறைக்குள்ளிருந்தும் மனு தரலாம். 15100க்குப் போன் செய்தும் கேட்கலாம். 7 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் ஆணைக்குழுவின் தலைவரான முதன்மை மாவட்ட நீதிபதியிடம் மேல்முறையீடு செய்யலாம்.

யாரும் கேட்காவிட்டால் கோர்ட் தானாக வக்கீல் வைக்குமா?

வைக்க வேண்டும். இலவச வக்கீல் உரிமையை மாஜிஸ்திரேட் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று 1980இல் காத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கேட்கவில்லை என்ற காரணத்துக்காக வக்கீல் இல்லாமல் விசாரித்துத் தண்டித்தால் அது நிற்காது என்று 1986இல் சுக் தாஸ் வழக்கில் தீர்ப்பு வந்தது.

அரசு காசு வாங்குபவர் போலீசுக்கு எதிராக எப்படி வாதாடுவார்?

குழப்பம் பெயரில் இருக்கிறது. அரசு வக்கீல் என்பவர் போலீஸ் தரப்பு. அவரை நியமிப்பது அரசு. சட்ட உதவி வக்கீலை நியமிப்பது நீதிபதிகள் தலைமையிலான ஆணைக்குழு. இவர்களில் இரண்டு வகை. பேனல் வக்கீல், அதாவது ஆணைக்குழுவின் பட்டியலில் இருப்பவர், சொந்தமாகத் தொழில் செய்துகொண்டே வழக்குக்கு இவ்வளவு என்று கட்டணம் பெறுவார். 2022இல் விரிவாக்கப்பட்ட திட்டப்படி வரும் முழுநேர வக்கீல்கள் மாத ஊதியத்தில் குற்றவழக்குகளை மட்டுமே பார்ப்பார்கள். தனி வழக்கு எடுக்கக் கூடாது. இவர்களில் முதன்மை வக்கீலுக்கு 10 ஆண்டும், துணை வக்கீலுக்கு 7 ஆண்டும் குற்றவியல் அனுபவம் வேண்டும். உதவி வக்கீல்கள் 3 ஆண்டுக்குள் இருக்கும் இளையவர்கள். ரிமாண்ட், ஜாமீனுக்கு அவர்கள் போதும். ஆனால் கொலை வழக்கு விசாரணையில் இளையவர் மட்டும் நிற்கிறார் என்றால், மூத்தவர் நடத்த வேண்டும் என்று ஆணைக்குழுவின் செயலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

இதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

இரண்டு பைகளிலிருந்து. மத்திய அரசின் மானியம் தேசிய ஆணைக்குழு வழியாக மாநில சட்ட உதவி நிதிக்கும், அங்கிருந்து மாவட்ட நிதிக்கும் இறங்குகிறது. வக்கீல் கட்டணம் அதிலிருந்து. மாநில, மாவட்ட அலுவலகங்களின் ஊழியர் சம்பளமும் நிர்வாகச் செலவும் மாநில அரசின் தொகுப்பு நிதியிலிருந்து. அதனால் அலுவலகம் ஒழுங்காக நடக்கும்போதே வக்கீல் கட்டணம் தேங்கி நிற்கலாம். அது உங்கள் தலைவலி அல்ல.

"ஜெராக்ஸ் செலவு" என்று 2,000 ரூபாய் கேட்கிறாரே?

கொடுக்காதீர்கள். ஒதுக்கப்பட்ட வக்கீல் கட்சிக்காரரிடம் கட்டணமோ வேறு பணமோ கேட்கவும் வாங்கவும் விதிகள் தடை செய்கின்றன. தேதி, கேட்ட தொகை, வழக்கு எண்ணுடன் செயலாளரிடம் எழுதிக் கொடுத்து, வேறு வக்கீல் கேளுங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால் கோப்பில் எதுவும் ஏறாது.

நாங்கள் புகார்தாரர். அந்த முழுநேர வக்கீல் எங்களுக்கும் வருவாரா?

மாட்டார். அவர்கள் குற்றஞ்சாட்டப்பட்டவர் தரப்புக்கு. 12ஆவது பிரிவில் நீங்கள் வந்தால் பேனல் வக்கீல் கிடைப்பார்.