அற்றிக் பழைய இன்சுலேஷன்: கை வைக்க முன்

கேள்வி: ஸ்காபரோவில் 1961இல் கட்டிய வீடு வாங்கியிருக்கிறோம். அற்றிக்கில் (கூரைக்கும் அறை மேற்தட்டுக்கும் நடுவே உள்ள வெளி) குளிர், வெக்கை தடுக்கப் போட்ட சாம்பல் நிறப் பழைய இன்சுலேஷன் 10 அங்குலம் கிடக்கிறது. எலி மணமும் அடிக்கிறது. வாடகை வக்யூம் எடுத்து நாங்களே அள்ளலாமா?

பதில்: வக்யூமுக்குச் சொல்லிவைக்க முன் அற்றிக் கதவைத் திறந்து ரோர்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே ஏற வேண்டாம். பத்திரிகையை அரைத்துப்போட்டது போல் இருந்தால் செலுலோஸ். இளஞ்சிவப்பு, மஞ்சள் அல்லது வெள்ளைப் பஞ்சென்றால் பெரும்பாலும் கண்ணாடிநார். சின்னக் கூழாங்கல் மாதிரி, பழுப்பும் பொன்னுமாக மினுங்கி, ஒவ்வொரு துண்டும் அடுக்கடுக்காகத் தெரிந்தால் அது வெர்மிகுலைற். கதவை மூடிவிட்டு இறங்குங்கள். மொன்ரானாவின் லிபி சுரங்கத்து வெர்மிகுலைற் ‘சோனோலைற்’ என்ற பெயரில் கனடிய வீடுகளிலும் கொட்டப்பட்டது; அதில் அஸ்பெஸ்ரஸ் (மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கும் நார்க் கனிமம்) கலந்திருந்தது. சுரங்கம் 1990இல் மூடப்பட்டாலும் கூரைக்குள் கொட்டியது அப்படியே இருக்கிறது.

உங்கள் வீட்டின் வயதுக்கு, மேலே செலுலோஸ் தெரிகிறதே என்று நம்பிவிட முடியாது. பழையதன் மேலேயே பின்னாளில் புதியதைக் கொட்டியிருப்பார்கள். அடிமட்டம்வரை மாதிரி எடுக்க அஸ்பெஸ்ரஸ் பரிசோதகரைக் கூப்பிடுங்கள். இருந்தால் அகற்றுவது அதற்கென்று பயிற்சி பெற்றவர்களின் வேலை.

வெறும் செலுலோஸ்தான் என்றால் நீங்களே செய்யலாம். 1,000 சதுர அடிக்கு 10 அங்குலம் என்றால் சுமார் 833 கன அடி. 75 கன அடிப் பைகள் 12 வேண்டும். வீட்டு ஷொப் வக் சில நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். 6 அங்குலக் குழாயுள்ள பெற்றோல் இயந்திரம்தான் சரி. அதன் புகையில் கார்பன் மொனொக்சைட் இருப்பதால் முற்றத்தில், யன்னல்களுக்குத் தள்ளி வையுங்கள். ஃபர்னஸ், ஏசி இரண்டையும் நிறுத்துங்கள். இல்லையேல் தூசி அறைகளுக்குள் இழுபடும். அற்றிக் மின்சுற்றையும் அணைத்துவிட்டு நெற்றி விளக்கில் வேலை செய்யுங்கள். குறுக்குச் சட்டங்களுக்கு மேல் பிளைவூட் போட்டு அதில் முழங்காலிடுங்கள். சட்டங்களுக்கு நடுவே இருப்பது வெறும் ஜிப்சம் பலகை. மிதித்தால் கால் கீழ் அறைக்குள் போய்விடும்.

எலிப்புழுக்கையைக் காய்ந்தபடி கூட்டவோ உறிஞ்சவோ கூடாது. எலிகளிடமிருந்து தொற்றும் ஹன்ராவைரஸ் அந்தத் தூசியில்தான் பரவும். 1 பங்கு பிளீச், 9 பங்கு தண்ணீர் கலந்து நனைய விசிறி, 5 நிமிடம் விட்டு, கையுறையோடு துடைத்தெடுங்கள். நுண்தூசியையும் தடுக்கும் பி100 முகமூடி போடுங்கள். எலி வரும் ஓட்டையை அடைக்காமல் புதியது கொட்டினால் அடுத்த குளிருக்குப் பழைய மணம்தான்.

பலர் பிழை விடுவது அள்ளி முடித்த பிறகு. வெறுந்தரை தெரியும் அந்த ஒரு நாளில் வயர், குழாய் போகும் இடைவெளிகளை ஃபோம் அடித்து மூட வேண்டும் (புகைபோக்கியைச் சுற்றி மட்டும் தகரமும் வெப்பம் தாங்கும் சீலன்ரும்). குளியலறை விசிறிக் குழாய் கூரைக்கு வெளியே போகிறதா என்றும் பாருங்கள். விட்டால் வீட்டின் ஈரக்காற்று மேலேறிக் கூரைப் பலகையில் உறைபனியாகப் படியும். வெயில் வந்ததும் அது உருகிச் சொட்ட, கூரை ஒழுகுகிறதென்று ஆள் தேடுவார்கள்.

கேள்வி: எலியும் இல்லை, ஈரமும் இல்லை. பழைய இன்சுலேஷனின் உயரம் மட்டும் 6 அங்குலம். எடுக்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். வெர்மிகுலைற் இல்லையென்று உறுதியானால், இடைவெளிகளை அடைத்துவிட்டு மேலேயே கொட்டுங்கள். வெப்பம் கடப்பதை எவ்வளவு தடுக்கும் என்பதை ‘ஆர்’ எண்ணால் சொல்வார்கள். செலுலோஸ் அங்குலத்துக்குச் சுமார் ஆர் 3.5; ஒன்ராறியோவில் புது வீடுகளுக்குக் கேட்கும் ஆர் 60க்கு மொத்தம் 17 அங்குலம் வரும். அதற்கு முன் கூரை விளிம்பில், இன்சுலேஷன் காற்றுவழியை மூடாமல் தடுக்கும் தட்டிகளைப் பொருத்துங்கள். தாழ்வாரத்துக் காற்றுவழி அடைபட்டால் போட்டதெல்லாம் ஈரமாகும்.