கேள்வி-பதில்: நுகர்வோர் அறிவியலில் மேற்படிப்பு

கே: நான் பி.காம். முடித்தவள். மனையியல் துறையில் நுகர்வோர் அறிவியலை எம்.எஸ்சி. பட்டத்துக்காகப் படிக்க இயலுமா? (தக்கலை)

ப: பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் இந்த இரண்டாண்டுப் படிப்புக்கு மனையியலிலோ, ஊட்டச்சத்தியல் போன்ற அதன் கிளைகளிலோ இளநிலைப் பட்டம் கேட்கின்றன. விதி இடத்துக்கு இடம் மாறும் என்பதால், தகுதிப் பகுதியை வாசித்த பின்பே விண்ணப்பக் கட்டணம் செலுத்துங்கள். எம்.காம். சேர்ந்து நுகர்வோர் நடத்தையை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்வது உங்களுக்கு எளிய வழி.

கே: தொலைநிலையில் ஓராண்டிலேயே முனைவர் பட்டம் பெற்றுத் தருவதாகக் கூறி, ஒரு முகவர் முன்பணம் வாங்கிவிட்டார். (மார்த்தாண்டம்)

ப: பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி முனைவர் பட்டத்தைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ வழங்க இயலாது; முதுநிலையில் 55 விழுக்காடு அல்லது நான்காண்டு இளநிலையில் 75 விழுக்காடு மதிப்பெண் வேண்டும்; குறைந்தது மூன்றாண்டுகள் ஆய்வு செய்ய வேண்டும். ரசீதையும் குறுஞ்செய்திகளையும் பத்திரப்படுத்திக்கொண்டு, காவல் நிலையத்திலும் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் அளியுங்கள். பொன்னெழுத்தில் அச்சிட்ட அஞ்சல்வழிப் பட்டயம் ஒன்றை நானும் விலை கொடுத்து வாங்கியிருக்கிறேன். அதில் தரமானது அதை மாட்டியிருந்த மரச்சட்டமும் கண்ணாடியும் மட்டுமே.

கே: விளம்பரத்தைப் பார்த்து எம்.ஃபில். படிப்புக்கு ரசீது இல்லாமல் பணம் கட்டினேன். பட்டம் செல்லுமா? (இரணியல்)

ப: செல்லாது, அதே 2022 விதிமுறைகளோடு எம்.ஃபில். நிறுத்தப்பட்டுவிட்டது. வடசேரி சந்தையில் ஒரு சீப்பு மட்டிப்பழத்தைப் புரட்டிப் பார்த்து வாங்குகிற நாம், இவ்வளவு பணத்தை ரசீதுகூடக் கேட்காமல் கொடுப்பது எனக்குப் புரியவில்லை.

கே: முதுநிலைப் படிப்பில் சேர்ந்து சில நாள்களில் விலகினேன். மூலச் சான்றிதழ்களைத் தர மறுக்கிறார்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? (குழித்துறை)

ப: மாணவரின் சான்றிதழை அலமாரியில் பூட்டிவைத்துப் பேரம் பேசும் வழக்கத்தைக் கண்டு நெடுங்காலமாக எனக்கு ஆத்திரம் உண்டு. மானியக் குழுவின் 2018 அக்டோபர் அறிவிப்பின்படி, மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்தவுடன் திருப்பித் தந்துவிட வேண்டும். சேர்க்கையின் கடைசி நாளுக்குப் பின் 15 நாள்களுக்குள் விலகுவோருக்கு 80 விழுக்காடும், 30 நாள்களுக்குள் விலகுவோருக்குப் பாதியும் கட்டணத்தில் திரும்பக் கிடைக்க வேண்டும். ஆனால், பல்கலைக்கழகம் சேவை விற்பதில்லை, மாணவர் நுகர்வோர் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் மகரிஷி தயானந்த் பல்கலைக்கழக வழக்கில் தீர்ப்பளித்திருப்பதால், ஆணையத்தில் உங்கள் மனு நிலைக்குமா என்பது ஐயமே. நுகர்வோர் உரிமையைப் பாடமாகப் படிக்க வந்தவருக்கே அந்த உரிமை இல்லை என்பது எனக்கு இன்றும் செரிக்கவில்லை. 2023 விதிமுறைகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்க வேண்டிய மாணவர் குறைதீர்ப்புக் குழுவிடம் எழுத்து மூலம் முறையிடுங்கள். பலனில்லையெனில் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரை அணுகுங்கள். ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள்.

கே: கல்லூரியில் கற்பிக்க முதுநிலைப் பட்டம் மட்டும் போதுமா? (கொல்லங்கோடு)

ப: போதாது. மனையியலில் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியோ, முனைவர் பட்டமோ வேண்டும்.